பக்கெட் கம்பெனியிலிருந்து வந்தவன்

அவர் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வயதில் மூத்தவன். என்னைவிட மேல் வேலையில் இருந்தவன். கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

பெயர் எழுத மாட்டேன். அவனுக்கு இரண்டு பெண்கள். அதுகள் என்ன செய்தன, பாவம்.

எங்கள் கம்பெனி திருமழிசை எஸ்டேட்டில் கடைசித் தெருவில் இருந்தது. குக்கர் கைப்பிடி, தோசைக்கல் கைப்பிடி செய்வோம். கறுப்புக் கைப்பிடி. பேக்லைட் என்று அந்த மாலுக்குப் பெயர். நான் கைப்பிடி அமுக்குகிற பிரஸ்ஸில் நின்றேன். எனக்குப் பக்கத்து பிரஸ்ஸில் வசந்தி நின்றாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் தலைமுடியெல்லாம் ஆஸ்பத்திரி கழுவின நாற்றம் அடிக்கும். சீயக்காய்க்கும் போகாது. பழகிவிட்டது.

அங்கே அவன் சூப்பர்வைசராக வந்தான். அதற்கு முன்னால் அம்பத்தூர் பக்கம் பக்கெட், குடம் செய்கிற கம்பெனியில் பன்னிரண்டு வருடம் இருந்தானாம். அந்தப் பன்னிரண்டு வருடத்தைச் சொல்லாமல் அவன் ஒரு டீ குடித்ததில்லை.

வந்த அன்றைக்கு வாசலில் படுத்திருந்த நாயின் காலை மிதித்துவிட்டான். நாய் கத்தியது. குனிந்து, "சாரிடா கண்ணு, சாரிடா" என்றான். கண் கலங்கிவிட்டது. கைப்பிடி ஓரத்துப் பிசிறை அரத்தால் ராவுகிற பெண்கள் பார்த்துவிட்டு, நல்ல மனசுக்காரர் என்றார்கள். மறுநாள் அதே இடத்தில் அதே நாயை மிதித்தான். மறுநாளும் கண் கலங்கியது. நாய்தான் படுக்கிற இடத்தை மாற்றிக்கொண்டது.

அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

மன்னிப்புக் கேட்பது அவனுக்கு மூக்குப்பொடி போடுகிற மாதிரி. போட்டதும் முகம் தெளிந்துவிடும். வலது கையை நெஞ்சில் வைப்பான். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பான். "மனசுல வெச்சிக்காதக்கா" என்பான். குரல் கம்மும். தண்ணீர் வரும். நிஜத் தண்ணீர்தான். நடிப்பு என்று சொல்ல மாட்டேன். நடிக்கிறவனுக்காவது தான் செய்தது என்னவென்று தெரியும்.

பிளாஸ்டிக் எல்லாம் ஒன்று என்று வெளியே நினைப்பார்கள். ஒன்றில்லை. பக்கெட் மால் வேறு, எங்கள் மால் வேறு. பக்கெட் மால் சூடு பட்டால் இளகும். ஆறினால் இறுகும். மறுபடி சூடு பண்ணினால் மறுபடி இளகும். உடைந்த பக்கெட்டை அரைத்துக் குடம் செய்யலாம். அந்தக் குடம் உடைந்தால் அதை அரைத்துச் சோப்பு டப்பா செய்யலாம். எங்கள் மால் அப்படி இல்லை. தூளாக வரும். டை என்கிற இரும்பு அச்சைச் சூடாக்கி அதற்குள் கொட்டி பிரஸ்ஸில் அமுக்கினால் ஒரே ஒரு தடவை இளகும். டைக்குள் இருக்கிற மூலை முடுக்கெல்லாம் போகும். அந்தச் சூட்டிலேயே வெந்து இறுகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு சூடு கொடுத்தாலும் இளகாது. இன்னும் கொடுத்தால் கருகும். அதனால்தான் அடுப்பில் ஏற்றுகிற பாத்திரத்துக்கு அதில் கைப்பிடி வைக்கிறார்கள். பக்கெட் மாலில் வைத்தால் குழம்பு கொதிக்கிறதற்குள் கைப்பிடி தொங்கிவிடும்.

இது தெரிய ஒரு வாரம் பிரஸ்ஸில் நின்றால் போதும். படிப்பு வேண்டாம். நான் ஐந்தாவதோடு நின்றவள்.

கொட்டகைக்குப் பின்னால் வீணாய்ப் போன கைப்பிடிகளைக் கொட்டி வைத்திருப்போம். கொப்புளம் வந்தது, மூலை நிரம்பாதது, டையிலிருந்து எடுக்கும்போது உடைந்தது. ஒரு ஆள் உயரம் இருக்கும். அதைப் பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது.

"இன்னாக்கா இது, இம்மாம் மால சொம்மா கொட்டி வெச்சிகீறீங்க. அரைச்சிப் போட்டா புதுசு மாரி வரும்."

"வராது சார்" என்றேன்.

"ஏன் வராது? நான் பன்னெண்டு வருசமா அரைச்சிப் போட்டவன்."

வசந்தி டையைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "சார், உங்க ஊட்ல இட்லி மீந்தா இன்னா பண்ணுவீங்க?"

"உப்மா பண்ணுவாங்க."

"மாவா ஆக்கி மறுக்கா ஊத்த மாட்டாங்கல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். புரிந்து சிரித்தானா, மற்றவர்கள் சிரித்ததற்குச் சிரித்தானா தெரியாது. சாயங்காலம் ஒரு கைப்பிடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எஸ்டேட் முனையில் இருக்கிற டீக்கடைக்குப் போனான். எங்களையும் வரச் சொன்னான். பால் சட்டியை நகர்த்திவிட்டுக் கைப்பிடியை அடுப்பு நெருப்பில் வைத்தான்.

"பாரு, இப்ப எளகும்."

இளகவில்லை. புகைந்தது. ஓரம் வெளுத்து வெடித்தது. நாற்றம் எழும்பியது. பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து போனார்கள். டீக்கடைக்காரர் கரண்டியோடு வந்தார்.

"யோவ், இன்னாய்யா, பொணம் எரிக்கிறியா? பாலு போச்சேய்யா."

அவன் கை நெஞ்சுக்குப் போனது. "மன்னிச்சிக்க நைனா. தெரியாம பண்ட்டேன்." தண்ணீர் வந்தது. டீக்கடைக்காரருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி போ போ என்றுவிட்டார்.

திரும்பி வரும்போது எங்களிடம் சொன்னான். "அடுப்பு சூடு பத்தல."

வசந்தி என் கையைக் கிள்ளினாள்.

அவன் திட்டுவான். சாப்பாட்டு நேரம் கொஞ்சம் தள்ளிப்போனால், கைப்பிடி குறைந்தால், டை ஒட்டிக்கொண்டால் வாயில் வருவது எல்லாம் வரும். என்னை ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னான். எழுதுகிற வார்த்தை இல்லை. நான் பிரஸ்ஸை நிறுத்தாமல் வேலை பார்த்தேன். சாயங்காலம் காகிதத்தில் சுற்றி போண்டா கொண்டுவந்தான். "காலைல ஏதோ டென்சன்ல பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதக்கா." போண்டா எண்ணெய் காகிதத்தில் ஊறிக் கையில் பட்டது. வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தேன். அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் அதே வார்த்தை. அதே போண்டா.

"சாப்புடுக்கா, பாவம் அந்தாளு" என்றாள் பக்கத்தில் பிசிறு ராவுகிறவள்.

"பாவம்னா நீ சாப்புடு."

அவள் சாப்பிட்டாள். அவளைத் திட்டவில்லை அல்லவா.

எங்களிடம் கைப்பிடி வாங்குகிற கம்பெனியிலிருந்து சரக்கைச் சோதிக்க ஒரு பையன் வருவான். பூந்தமல்லியில் புது அடுக்குமாடியில் குடியிருப்பவன். மதுரைப் பக்கத்துப் பேச்சு. கழுத்தில் அட்டை. ஒரு தடவை அந்தப் பையன் ஒரு கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, "இது சரியா வேகல, சத்தம் மொத்தையா இருக்கு" என்றான்.

"நானும் அதான் தம்பி சொல்லிகினே கீறேன், இந்தப் பொம்பளைங்க கேட்டாத்தானே" என்றான் இவன்.

முதலாளி வந்தார். வாங்கி அவரும் தட்டினார். "நல்லாத்தானே இருக்கு."

"அதான் சார், நானும் தம்பிக்கிட்ட அத்தத்தான் சொல்லிகினு இருந்தேன்."

அந்தப் பையன் அவனையே பார்த்தான். இவனுக்கு வெட்கம் வந்த மாதிரி தெரியவில்லை. எந்த டையில் கொட்டினாலும் அந்த உருவம். நான் அடுத்த கைப்பிடியை எடுத்தேன்.

இனி வசந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு பெண் குழந்தை. அதற்கு வலிப்பு வரும். மாத்திரை ஒரு நாளும் நிற்கக் கூடாது. வசந்தி ரொம்ப வருடமாகக் காண்டிராக்டில்தான் இருந்தாள். காண்டிராக்டு என்றால் இன்றைக்கு வா என்றால் வரலாம், நாளைக்கு வராதே என்றால் நிற்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. அட்டை இருந்தால் பிள்ளைக்கு வைத்தியமும் மாத்திரையும் அதிலேயே போய்விடும். அவள் கேட்டது அந்த அட்டை ஒன்றுதான். சாமியிடமும் அதைத்தான் கேட்டாள்.

அப்போது முதலாளி ஒரு புது மிசின் வாங்கினார். இதில் தூளைக் கையால் டையில் கொட்ட வேண்டாம். மிசின் வயிற்றில் ஒரு இரும்புக் குழாய். அதற்குள் ஒரு திருகு சுற்றும். தூள் குழாய்க்குள் போய் இளஞ்சூட்டில் கொஞ்சம் இளகும். திருகு அதைத் தள்ளி டைக்குள் அனுப்பும். டைதான் நல்ல சூட்டில் இருக்கும். அங்கே போய் வேகும்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "இதை யார் நல்லாக் கத்துக்கிறாங்களோ அவங்க பேரை பர்மனென்ட் பண்றேன்."

வசந்தி கையைத் தூக்கினாள். வேறு யாரும் தூக்கவில்லை. அவளுக்குத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மிசினைப் பொருத்த வந்தவர் ஒரு வாரம் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். வசந்திக்குச் சொல்லிக் கொடுத்தார். "குழாயில் சூடு குறைச்சல், டையில் சூடு அதிகம். இதை மாத்தக் கூடாது. மால் ஓடலைன்னா தூளைப் பாரு, ஈரம் இருக்கான்னு பாரு. சூட்டைத் தொடாதே. நிறுத்தும்போது குழாயைக் காலி பண்ணிட்டு நிறுத்து. உள்ளே விட்டா உள்ளேயே வெந்திடும்." பக்கத்தில் அவனும் நின்று தலையாட்டினான். "இதெல்லாம் நமக்கு அத்துப்படி சார். பக்கெட் மிசினும் இதே மாரிதான்."

"இதே மாதிரி இல்ல. தலைகீழ்" என்றார் அவர்.

"ஆமாங்க சார். தலைகீழ்."

பக்கெட் மிசினில் குழாய்தான் கொதிக்கும். டையில் குளிர்ந்த தண்ணீர் ஓடும். மால் ஓடவில்லை என்றால் குழாயில் சூட்டை ஏற்றினால் போதும், இளகி ஓடும். அவன் கை பன்னிரண்டு வருடம் அதைத்தான் செய்தது.

வசந்தி நன்றாக ஓட்டினாள். கைப்பிடி மழமழவென்று வந்தது. முதலாளி அவளிடம் போட்டோ இரண்டு கொண்டுவரச் சொன்னார், அட்டைக்கு. எடுத்து வைத்திருந்தாள். என்னிடம் காட்டினாள். போட்டோவில் பயந்த முகமாக இருந்தாள்.

"சிரிச்சிருக்கலாம்ல."

"சிரிச்சா குடுக்க மாட்டாங்களோன்னு பயந்துட்டேன்கா."

மழை பிடித்த வாரம். தூள் மூட்டை நமத்துவிட்டது. காலையில் கைப்பிடி மூலை நிரம்பாமல் வந்தது. வசந்தி மிசினை நிறுத்தப் போனாள், தூளை மாற்ற. அவன் வந்தான்.

"இன்னாத்துக்கு நிறுத்துற? மால் ஓடல. சூடு பத்தல."

"தூளு ஈரம் சார். காய வெச்சிப் போடலாம்."

"காய வெச்சிகினு இருந்தா இன்னிக்கி லோடு யாரு குடுப்பா, உங்கப்பனா?" குழாய்க்கு உண்டான சூட்டுத் திருகியில் கை வைத்தான்.

"சார், ஏத்தாதீங்க. உள்ளயே வெந்துரும்."

"பன்னெண்டு வருசம் மிசின் ஓட்னவனுக்கு நீ சொல்றியா?" ஏற்றினான்.

அடுத்த கைப்பிடி பாதிதான் வந்தது. மறுபடி ஏற்றினான். அதற்கடுத்து ஒன்றும் வரவில்லை. மறுபடி ஏற்றினான். திருகு முனகியது. ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அப்புறம் மோட்டார் மட்டும் உறுமியது. குழாய் வாயிலிருந்து புகை வந்தது. வசந்தி ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

நான் பக்கத்து பிரஸ்ஸில் நின்றேன். எல்லாம் பார்த்தேன். அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சூட்டுத் திருகியைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்ததையும் பார்த்தேன். அப்போது அவன் கண்ணில் தண்ணீர் இல்லை.

முதலாளி வந்தார். தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கடன் வாங்கி வாங்கின மிசின்.

"என்ன ஆச்சு?"

அவன் கை நெஞ்சுக்குப் போனது. "சார், பாத்ரூம் போற அவசரத்துல காலி பண்ணாம போய்டுச்சி சார் இந்தப் பொண்ணு. மால் உள்ளயே நின்னு இறுகிடுச்சி. லேடீஸு விசயம், நாம இன்னா கேக்க முடியும். சின்னப் பொண்ணு சார். தெரியாம பண்ணிடுச்சி. அதுக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன் சார்." தண்ணீர் வந்துவிட்டது.

வசந்தி அவனைப் பார்த்தாள். இத்தனை ஆண்கள் நடுவில் பாத்ரூம் என்ற பேச்சு வந்ததும் அவளுக்கு வாய் எழும்பவில்லை. அப்புறம் சொன்னாள். "நான் போவல சார். இவருதான் சூட்ட ஏத்துனாரு."

"ஏத்தினா திருகியில முள்ளு காட்டுமே. சரியாத்தானே இருக்கு" என்றார் முதலாளி.

"அவ போவல சார்" என்றேன். "நான் பாத்தேன். ஏத்திட்டு எறக்கி வெச்சாரு."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே தெரு. நீ உன் பிரஸ்ஸைப் பாரு." வசந்தியிடம் சொன்னார். "நாளையிலேருந்து வர வேண்டாம்மா."

"சார், பாவம் சார், பொண்ணு கீது சார் அதுக்கு" என்றான் அவன். அழுதுகொண்டே சொன்னான். முதலாளி அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வசந்தி வீட்டில் இருந்தேன். ஒரு அறை வீடு. பிள்ளை மூலையில் எழுதிக்கொண்டிருந்தது. அவன் வந்தான். கையில் போண்டா இல்லை. இந்தத் தடவை ஆப்பிள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நேராக வசந்தி காலில் விழுந்தான்.

"தப்பு என் பேர்லதான்மா. வேல போய்டுமோன்ற பயத்துல சொல்லிட்டேன். எனுக்கும் ரெண்டு பொண்ணு கீது. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. ராத்திரி தூக்கம் வராது எனுக்கு."

வசந்தி காலை இழுத்துக்கொண்டாள். "எழுந்திருங்க சார். புள்ள பாக்குது."

"மன்னிச்சேன்னு சொல்லு."

"காலைல மொதலாளி ரூமுக்கு வாங்க. இங்க சொன்னத அங்க சொல்லுங்க. அப்பறம் மன்னிக்கறேன்."

"சொல்றேம்மா. கண்டிப்பா சொல்றேன்." துண்டால் முகம் துடைத்தான். முகம் தெளிந்துவிட்டது. "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றான். குடித்தான். பிள்ளையிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டான். கன்னத்தைத் தட்டினான். வாசலில் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு யாருக்கோ போன் செய்தான். சிரித்துப் பேசிக்கொண்டே தெருவைத் தாண்டினான்.

வசந்தி ஆப்பிளைப் பிள்ளையிடம் கொடுக்கவில்லை. நானும் கொடு என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் கம்பெனி வாசலில் நின்றாள். அவன் வண்டியை நிறுத்திவிட்டு அவளிடம் வந்து மெதுவாகச் சொன்னான். "மொதலாளி இப்ப சூடா கீறாரும்மா. ஆறட்டும்." உள்ளே போய்விட்டான். அடுத்த நாளும் நின்றாள். "இன்னும் ஆறல." அதற்கடுத்த நாள் அவன் பின்பக்க வழியாக வந்தான். அவள் அந்த வாரம் பூராவும் நின்றாள். மழையிலும் நின்றாள். நான் உள்ளே பிரஸ்ஸில் இருந்து பார்ப்பேன். குடை தெரியும்.

குழாயைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். திருகு உள்ளே கல்லாகப் பிடித்திருந்தது. அவன் காஸ் டார்ச்சைப் பற்றவைத்துக் குழாய்மேல் பிடித்தான். "நல்லா சூடு பண்ணா எளகிடும்" என்றான். இத்தனைக்கும் அப்புறம் அப்படிச் சொன்னான்.

மிசின் பொருத்தினவர் மறுபடி வந்தார். அந்த டார்ச்சை வாங்கி அணைத்தார். திருகை வெளியே எடுக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. திருகில் ஒட்டியிருந்த மாலை உளியால் பெயர்த்து முதலாளி மேசையில் வைத்தார். கருகல்.

"சும்மா நின்னு இறுகியிருந்தா இப்படிக் கருகாது. குழாய் சூட்டை யாரோ ஏத்தியிருக்காங்க. நல்லா ஏத்தியிருக்காங்க" என்றார்.

"இப்ப நெருப்பு புடிச்சதுல கருகியிருக்கும் சார்" என்றான் அவன்.

"நெருப்பை ஒரு இடத்துல பிடிச்சீங்க. கருகல் திருகு நீளம் பூரா ஒரே மாதிரி இருக்கு."

முதலாளி என்னைக் கூப்பிட்டார். முன்னே சொன்னதையே சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

முதலாளி அவனைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார். அவன் இளகிவிட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் போய் அவர் காலைப் பிடித்தான். "நான்தான் சார். நான்தான். என் நாக்கு அழுவிப் போவட்டும். அந்தப் பொண்ணு மேல போட்டேன். என்னை செருப்பால அடிங்க சார்." கொட்டகை முழுக்கக் கேட்டது. பிரஸ்கள் நின்றன. பிசிறு ராவுகிற பெண்களுக்குக் கண் கலங்கியது.

முதலாளி அவனைத் தூக்கி நிறுத்தினார். அவருக்கும் தொண்டை அடைத்துவிட்டது. "இந்தக் காலத்துல எவன் தப்பை ஒத்துக்கிறான். போய்யா, போய் முகத்தைக் கழுவு" என்றார்.

மிசின் பொருத்தினவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். போய்விட்டார்.

நான் நகரவில்லை. "வசந்திய வரச் சொல்லட்டுமா சார்?"

"வரட்டும், வரட்டும். முதல்ல மிசின் ஓடட்டும்."

மிசின் ஓடியது. அவளுடைய பழைய பிரஸ்ஸில் அதற்குள் வேறு ஆள் போட்டாகிவிட்டது. புது மிசினை அவனையே பார்க்கச் சொன்னார் முதலாளி. "ஒரு தடவை அடிபட்டவன், இனி ஜாக்கிரதையா இருப்பான்" என்றார். நான் மறுபடி கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது, "அவளைவிட உனக்குத்தான் அவசரமா இருக்கு" என்றார். அவளுக்கு எவ்வளவு அவசரம் என்று அவருக்குத் தெரியும். போட்டோ அவர் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

அந்தப் போட்டோவை நான் கேட்டு வாங்கி வந்து அவளிடம் கொடுத்தேன்.

மன்னிச்சேன் என்கிற அந்த ஒரு வார்த்தையை வாங்க அவன் ஒரு நாள் மறுபடி வசந்தி வீட்டுக்குப் போனானாம். "அதான் மொதலாளிகிட்ட சொல்லிட்டேனே, இப்ப மன்னிச்சேன்னு சொல்லு" என்று கேட்டானாம். அவள் கதவைச் சாத்திவிட்டாள். அதைக் கம்பெனியில் வந்து சொன்னான். "கல்லு மனசு அந்தப் பொண்ணுக்கு" என்றான். நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள்.

கருகினால் கருகும், இளகாது. அப்படி ஒருத்தி இருப்பதை அவனால் நம்ப முடியவில்லை. அடுப்புச் சூடு போதவில்லை என்றுதான் நினைத்திருப்பான்.

அடுத்த மழைக்கும் தூள் நமத்தது. அடுத்த மழைக்கும் சூட்டை ஏற்றினான். குழாய் மறுபடி கல்லானது. அழுதான். இந்தத் தடவை முதலாளிக்குத் தொண்டை அடைக்கவில்லை. மிசினைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு அவனையும் அனுப்பினார். போகிற அன்றைக்கு ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். நான் டைக்குள் தூள் கொட்டிக்கொண்டிருந்தேன். கொட்டி முடிக்கிறவரை நின்றான். நான் அமுக்கினேன். வேகட்டும் என்று காத்திருந்தேன். அவனும் காத்திருந்தான். டையைத் திறந்து கைப்பிடியை எடுத்தேன். அப்புறம் போய்விட்டான்.

போன மாதம் அவனைப் பார்த்தேன். பூந்தமல்லி பஸ் நிலையத்தில். மெட்ரோ தூண் நிழலில் நின்றிருந்தான். உடம்பு வற்றிவிட்டது. பழைய பிளாஸ்டிக் அரைக்கிற இடத்தில் வேலையாம். அவனுக்கு ஏற்ற இடம்.

"அக்கா, நல்லா கீறியா? என்னை தெரியுதா?"

"தெரியுது."

"என் மேல கோவமா கீறியாக்கா?"

"இல்ல."

இல்லைதான். கோபம் என்றால் அவனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

"அப்பறம் ஏன் மூஞ்சி குடுத்துப் பேச மாட்ற?" கை நெஞ்சுக்குப் போனது. "நான் எதுனா தப்பு பண்ணிருந்தா மன்னிச்சிக்கக்கா."

"இன்னா தப்பு பண்ண?"

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். கண்ணில் தண்ணீர் அதற்குள் வந்து நின்றது.

"எதுவா இருந்தாலும்" என்றான்.

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"அந்த மிசின்ல ஒரு பொண்ணு இருந்துச்சே. பேரு இன்னாக்கா? வாயில கீது, வர மாட்டேங்குது. இப்ப எங்க கீது? சொல்லு, போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்."

"தெரியாது" என்றேன்.

பஸ் வந்தது. ஏறினேன். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் நிற்கும். அங்கே இறங்கினேன். வசந்தி பெருக்குகிறவர்களுக்குக் கொடுக்கிற நீலக் கோட்டில் வந்தாள். அங்கேயும் காண்டிராக்டு. பிள்ளை பெரிதாகிவிட்டது. வலிப்பு நிற்கவில்லை.

"அட்டை?" என்றேன்.

"அடுத்த மாசம்னு சொல்லிகினே கீறாங்க." என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "ஏன்கா லேட்டு? வழியில தெரிஞ்சவங்க யார்னா பேச்சு குடுத்துட்டாங்களா?"

"யாரும் இல்ல" என்றேன்.